வீட்டு நாய்க்கு இருமல் வந்தால்

பொங்கலுக்கு ஜோலார்பேட்டை போய்த் திரும்பிய ஐந்தாம் நாள் இரவு. மணி ஒன்றரை இருக்கும். கூடத்தில் யாரோ தகரத்தைத் தட்டுவது போல ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் எங்கள் செவலை கழுத்தை நீட்டி, முன்கால்களை அகட்டி வைத்து, அடிவயிற்றிலிருந்து இருமிக்கொண்டிருந்தது. நாலைந்து இருமல், பிறகு ஓர் ஓங்கரிப்பு, கடைசியில் தரையில் ஒரு கரண்டி அளவு வெள்ளை நுரை. மறுபடி இருமல்.

"எலும்பு மாட்டிக்கிச்சு போலங்க" என்றாள் என் மனைவி. சத்தம் கேட்டு எழுந்து வந்த பேரனுக்குப் பத்து வயது. "இருங்க தாத்தா, நான் எடுத்துடறேன்" என்று நாயின் வாயைப் பிளக்கக் கையை நீட்டினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இழுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பையன் அழுதுவிட்டான்.

காரணத்தைக் காலையில் அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்து போனாலும் இது ஒன்று நினைவில் இருந்தால் போதும்.

வெறிநோய் என்றதும் நமக்குக் கண் சிவந்து, கண்டவரையெல்லாம் கடிக்க ஓடும் நாய்தான் நினைவுக்கு வரும். அதே நோயில் இன்னொரு வகை உண்டு. அதில் நாய் யாரையும் துரத்தாது. மூலையில் சாதுவாகக் கிடக்கும். தாடையும் தொண்டையும் செயலிழந்து போவதால் வாய் தொங்கும், எச்சில் வடியும், தண்ணீர்கூட விழுங்க முடியாது, குரைக்கும் குரல் மாறிவிடும். பார்ப்பவர்களுக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியிருப்பது போலவே தோன்றும். பாசமுள்ள வீட்டுக்காரர் கையை உள்ளே விடுவார். விரலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் எச்சிலில் உள்ள கிருமிக்கு அது வாசல். பாஸ்டர் 1885இலேயே இந்நோய்க்குத் தடுப்பூசியை மனிதருக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஆனால் அறிகுறி தோன்றிய பிறகு பிழைத்தவர்கள் இன்றும் அபூர்வத்திலும் அபூர்வம். ஆகவே, தொண்டையில் ஏதோ சிக்கியது போல ஒரு நாய் தவித்தால், அது நம் நாயாகவே இருந்தாலும், வெறுங்கையை வாய்க்குள் விடக் கூடாது. டார்ச் அடித்து வெளியிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். சந்தேகத்துக்குரிய எச்சில் காயத்தில் பட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும்.

செவலைக்கு வருடம் தவறாமல் வெறிநோய் ஊசி போட்டிருக்கிறோம். அதன் அட்டை குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது. வாய் நன்றாக மூடித் திறந்தது, தட்டில் இருந்த தண்ணீரையும் நக்கிக் குடித்தது. மனம் சற்று அமைதியானது. விடியும்வரை நானும் அதுவும் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். டிப்ளமா முடித்து 1981இல் தெற்கு ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் சேர்ந்தேன். 2003இல் தென்மேற்கு ரயில்வே உருவானபோது பெங்களூரு கோட்டத்தோடு நாங்களும் அந்தப் பக்கம் போய்விட்டோம். 2019இல் ஓய்வு. வேலையில் பாதி, காதால் செய்த வேலை. வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது எங்கள் ஆட்கள் தண்டவாளத்தின் இரு பக்கமும் நின்று ஒவ்வொரு பெட்டியாகக் கவனிப்பார்கள். சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகியிருந்தால் 'தட் தட்' என்று ஒரே சீராக அடிக்கும். பிரேக் குழாயில் கசிவு இருந்தால் 'உஸ்' என்று கேட்கும். முன்காலத்தில் நீண்ட கைப்பிடிச் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல சக்கரம் கோயில் மணி போல ஒலிக்கும், விரிசல் விட்டது ஓட்டைப் பானை போலச் சொல்லும். சத்தம் என்பது எங்களுக்குத் தொந்தரவு அல்ல, தகவல்.

நாயின் இருமலும் அப்படித்தான். இருமல் என்பது தனி நோய் இல்லை. மூச்சுக் குழாயில் உறுத்தலோ சளியோ அழுத்தமோ இருந்தால் அதை வெளியே தள்ள உடம்பு செய்யும் வேலை அது. எச்சரிக்கை மணி அடித்தால் நாம் மணியைக் கழற்றி வைப்பதில்லை, எந்த இடத்தில் கோளாறு என்று பார்க்கிறோம். மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கி ஊற்றுவது மணியைக் கழற்றி வைப்பது போன்றதுதான். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. கழற்றி வைத்தவன் நான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

சத்தத்தில் என்ன தெரியும்? வறட்டு இருமல், தாரா கத்துவது போலக் கணீரென்று கேட்டு, முடிவில் ஓங்கரிப்பும் நுரையும் வந்தால், நாய் மற்றபடி வாலாட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அது தொற்று இருமல். கென்னல் காஃப் என்பார்கள். ஈரமாக, களகளவென்று சளி புரளும் சத்தத்தோடு, காய்ச்சலும் சோர்வும் சேர்ந்து வந்தால் நுரையீரல் வரை போய்விட்டதோ என்று பார்க்க வேண்டும். சிறு சாதி நாய், கழுத்துப் பட்டையை இழுக்கும்போதோ குதூகலத்தில் குதிக்கும்போதோ இருமினால் மூச்சுக் குழாயின் வளையங்கள் தளர்ந்து குழாய் தட்டையாவது காரணமாக இருக்கலாம். பொமரேனியனுக்கு இது அதிகம். வயதான நாய் இரவில், படுத்த நிலையில் இருமினால் இதயத்தை நினைக்க வேண்டும். குட்டி இருமினால் குடல் புழுவையும் நினைக்க வேண்டும். உருண்டைப் புழுவின் இளம் பருவம் நுரையீரல் வழியாகத்தான் பயணம் போகிறது.

இருமலே அல்லாத ஒன்றும் உண்டு. சில நாய்கள் திடீரென நின்று, மூக்கால் காற்றை உள்ளே இழுத்து இழுத்துக் கர் கர்ரென்று பன்றி போலச் சத்தம் எழுப்பும். அரை நிமிடத்தில் நின்றுவிடும், பிறகு ஒன்றும் நடவாதது போலப் போய்ப் படுத்துக்கொள்ளும். அது தலைகீழ்த் தும்மல். எப்போதாவது வந்தால் பயமில்லை. மருத்துவரிடம் அதைச் சொல்லி விளக்க முடியாது. பேரன் செய்தது போல அலைபேசியில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுவதே மேல். எந்த இருமலுக்கும் இதைச் செய்யலாம், ஏனென்றால் மருத்துவர் எதிரில் நாய் ஒரு முறைகூட இருமாது. இது எல்லா நாய்களும் கூடிப் பேசி வைத்திருக்கும் ஒப்பந்தம்.

பெங்களூருக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு சின்ன உதவி. இங்கே பல மருத்துவர்கள் தமிழ் பேசுவார்கள், ஆனாலும் உதவியாளர் கன்னடத்தில்தான் கேட்பார். நாய் அங்கே நாயி, இருமல் கெம்மு. 'எஷ்டு தினதிந்த?' என்றால் எத்தனை நாளாக என்று பொருள். 'ஊட்ட மாடுத்தா?' என்றால் சாப்பிடுகிறதா என்று. மூச்சுக்கு உசிரு என்பார்கள், நம் உயிர்தான் அது. ஹெப்பாளில் 1958இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் ஊரார்க்கு வேப்பேரி எப்படியோ, இந்த ஊரார்க்கு ஹெப்பாள் அப்படி.

செவலையைப் பார்த்த மருத்துவர், அதன் தொண்டைக்குக் கீழே மூச்சுக் குழாயை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். உடனே இருமல் வந்தது. மார்பில் குழாய் வைத்துக் கேட்டார், சுத்தமாக இருந்தது. வெப்பம் 102 பாரன்ஹீட். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு, நம் 98.4 கணக்கு அதற்குப் பொருந்தாது என்று சிரித்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "எங்காவது விட்டுவிட்டுப் போனீர்களா?"

போனோம். ஊருக்குப் போன ஐந்து நாளும் ஒரு நாய் விடுதியில் விட்டிருந்தோம். விடுதிக்காரர் தடுப்பூசி அட்டை கேட்டார், காட்டினேன். தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் கூண்டுகள், பண்டிகைக் கூட்டத்தில் எல்லாம் நிறைந்திருந்தது. மூலையில் ஒரு நாய் இருமிக்கொண்டிருந்ததை நான் என் காதால் கேட்டேன். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

கென்னல் காஃப் என்பது ஒரே கிருமியால் வருவதில்லை. பாரா இன்ஃப்ளூயன்சா, அடினோ வைரஸ் இரண்டாம் வகை போன்ற வைரஸ்கள் மூச்சுக் குழாயின் உட்பூச்சைக் கெடுத்து வைக்கும். பின்னாலேயே போர்டடெல்லா என்ற பாக்டீரியா வந்து குடியேறும். அதன் நெருங்கிய உறவுக் கிருமிதான் நம் குழந்தைகளுக்குக் கக்குவான் இருமலைத் தருவது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூல் போர்டே 1906இல் அந்தக் கக்குவான் கிருமியை விவரித்தார், அவர் பெயர்தான் இரண்டுக்கும். கக்குவான் இருமலில் குழந்தை தொடர்ந்து இருமிக் கடைசியில் வாந்தி எடுப்பதைப் பார்த்த பாட்டிமார்களுக்கு, செவலை செய்தது புதிதாக இருக்காது.

இருமும் துளிகள், மூக்கோடு மூக்கு உரசல், பொதுத் தண்ணீர்த் தட்டு ஆகியவற்றின் வழியாகப் பரவும். தொற்றிய பின் சுமார் 3 முதல் 10 நாளில் இருமல் தொடங்கும். நல்ல திடமான நாய்க்கு 1 முதல் 3 வாரத்தில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். குட்டிகளுக்கும் கிழட்டு நாய்களுக்கும் அது நிமோனியாவாக மாறக்கூடும். அங்கேதான் ஆபத்து. எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. செவலைக்கு முதல் நாள் அவர் அதை எழுதவில்லை. சாப்பாட்டை மறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, மூச்சு வேகமானாலோ உடனே வரச் சொன்னார். எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை முழுதும் கொடுக்க வேண்டும். இருமல் நின்றதே என்று மூன்றாம் நாள் நிறுத்தக் கூடாது.

இருமலோடு கண்ணிலும் மூக்கிலும் கெட்டியாகப் பீளை, காய்ச்சல், வயிற்றோட்டம், பின்னர் தசை வெட்டி வெட்டித் துடிப்பது என்று வந்தால் அது டிஸ்டெம்பர். கென்னல் காஃபோடு குழப்பிக்கொள்ளக் கூடாத நோய். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் ஒரு மாத காலத்துக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் சிலவற்றில் இந்த நாய் வைரஸ்தான் கண்டுபிடிக்கப்பட்டது. சிங்கத்தையே சாய்க்கக்கூடியது, ஆனால் குட்டிப் பருவத்து ஊசி தடுத்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்தோம். அடுத்த சிக்கல் கீழ் வீட்டில் இருந்தது.

நாங்கள் ஜீவனஹள்ளியில் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டு ஓனர் குடும்பம். அவர்களிடம் பத்து வாரக் குட்டி ஒன்று, ஒரே ஒரு ஊசிதான் போட்டிருந்தது. செவலையும் அதுவும் மாடிப்படியில் மூக்கை உரசிக்கொள்ளும். வாடகை வீட்டில் நாய் வைத்திருப்பவர்களுக்கு என் மனநிலை புரியும். நாய் இருப்பதற்கே மனம் வைத்து வீடு கொடுத்தவர்கள். இப்போது போய் எங்கள் நாய்க்குத் தொற்று நோய் என்று எப்படிச் சொல்வது? இரண்டு வாரம் சத்தம் போடாமல் ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம நாய் தேறிடும். அந்தக் குட்டி தேறுமா?" என்றாள். அவளே இறங்கிப் போய் ஓனர் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மா முகம் கொஞ்சம் சுருங்கியது உண்மை. ஆனால் படியில் யார் எப்போது போவது என்று நேரம் பிரித்துக்கொண்டோம். காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் செவலை, மற்ற நேரம் குட்டி. செவலையைத் தொட்ட பிறகு கைகழுவி, சட்டை மாற்றித்தான் கீழே போவது. இருமல் நின்ற பிறகும் சில வாரங்கள்வரை கிருமி வெளிப்படக்கூடும் என்று மருத்துவர் சொன்னதால் இந்த ஏற்பாட்டை ஒரு மாதம் நீட்டினோம்.

வீட்டில் செய்தது அதிகமில்லை. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை வாங்கினோம். ஓட்டம், பந்து விளையாட்டு எல்லாம் நிறுத்தம். குழைய வேகவைத்த சோறும் எலும்பில்லாத கோழியும் வெதுவெதுப்பாக. குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஆவி நிறைந்ததும், காலை பத்து நிமிடம் மாலை பத்து நிமிடம் அதோடு நானும் உட்கார்ந்திருந்தேன். கொதிக்கும் பாத்திரத்தின் முன் போர்வை போர்த்திப் பிடிப்பது நமக்குச் சரி, நாய்க்குச் செய்தால் பாத்திரம் கவிழும். வளர்ந்த நாய் என்பதால் மருத்துவரைக் கேட்டு அரைத் தேக்கரண்டித் தேன் வெந்நீரில் கலந்து கொடுத்தோம். நான்காம் நாள் இருமல் உச்சத்தில் இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு முறை மட்டும் இருமியது. பழைய டிப்போ பழக்கத்தில் ஒரு நோட்டில் தேதி, நேரம், எத்தனை இருமல் என்று கோடு போட்டு எழுதி வைத்தேன். மறுமுறை போனபோது மருத்துவர் அந்த நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார்.

இதற்கிடையே ஊரிலிருந்து அக்காவின் தொலைபேசி. "தம்பி, சின்ன வெங்காயத்தை நசுக்கிக் கருப்பட்டியோட குடு, ரெண்டு நாள்ல நின்னுடும். உனக்கெல்லாம் அம்மா அப்படித்தானே குடுத்தாங்க?" கொடுத்தார்கள், எனக்கு நின்றதும் உண்மை. ஆனால் நாய்க்கு வெங்காயம் விஷம். பச்சையோ வெந்ததோ பொடியோ, பெரியதோ சின்னதோ, அதன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 5 கிலோ பொமரேனியனுக்கு 75 கிராம், அதாவது நம் வீட்டுச் சாம்பாரில் விழும் ஒரு கைப்பிடி. பூண்டும் அதே குடும்பம்தான். அக்காவிடம் இதைச் சொன்னதும், "நாயி வளர்க்கிறதுக்கும் படிச்சிட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

நம் அலமாரியில் இருக்கும் மாத்திரைகளும் அப்படியே. பாரசிட்டமால் நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், பூனைக்கு ஒரு மாத்திரையே உயிர் குடிக்கும். ஐபுபுரூஃபன் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும். சர்க்கரையில்லா இருமல் மருந்துகள் சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பு இருக்கிறது. நமக்கு நல்லது, நாய்க்கு ரத்தச் சர்க்கரையை மடமடவென்று இறக்கிவிடும். மூக்கடைப்புக்குச் சேர்க்கும் மருந்துகள் அதன் இதயத்தைத் தாறுமாறாக ஓட்டும். இன்னொன்று, சளியோடு வரும் இருமலை அடக்கினால் சளி உள்ளேயே தங்கிவிடும்.

இனி ஜிம்மியின் கதை.

2006இல், மகள் பள்ளியில் படிக்கும்போது வாங்கியது. கடைக்காரர் பொமரேனியன் என்றார். இங்கே அந்தப் பெயரில் விற்பதெல்லாம் பெரும்பாலும் ஸ்பிட்ஸ்தான். வெள்ளை வெளேரென்று பஞ்சு மூட்டை போல இருக்கும். பதினொரு வயதில், 2017 மழைக்காலத்தில் இருமத் தொடங்கியது. பகலில் ஒன்றுமில்லை. இரவு படுத்து ஒரு மணி நேரம் கழித்து இரண்டு இருமல், எழுந்து ஒரு சுற்று, மறுபடி படுக்கை. அப்போது எங்கள் தெருவில் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். 'தூசி அலர்ஜி' என்று நானே முடிவு செய்தேன். எனக்கு வாங்கிய இருமல் மருந்தில் அரை மூடி கொடுத்தேன். அன்றிரவு இருமவில்லை. ஆகவே என் முடிவு சரி என்று ஆயிற்று. நடக்கும்போது வழியில் உட்கார ஆரம்பித்தது. வயதாகிவிட்டது என்றேன். பத்து மாதம் இப்படியே போயிற்று.

2018 ஜூனில் ஓர் இரவு முழுவதும் அது படுக்கவே இல்லை. முழங்கைகளை வெளியே விரித்து, கழுத்தை முன்னே நீட்டி உட்கார்ந்தே இருந்தது. காலையில் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சாம்பல் நிறம். மருத்துவர் மார்பில் குழாயை வைத்த உடனே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இதயத்தின் இடது வால்வு தேய்ந்து, ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. எக்ஸ்ரேயில் இதயம் வீங்கி மூச்சுக் குழாயை மேலே தூக்கியிருந்தது. அதனால்தான் படுத்தால் இருமல். இப்போது நுரையீரலிலும் நீர். "எத்தனை நாளாக?" என்று கேட்டார். பத்து மாதம் என்று சொல்ல வாய் வரவில்லை, கொஞ்ச நாளாக என்றேன். பதினொரு நாள் இருந்தது, பிறகு போய்விட்டது.

வால்வில் கசிவு என்றால் குழாயை வைத்ததும் 'உஸ்' என்றுதான் கேட்கும் என்று அவர் சொன்னார். பிரேக் குழாய்க் கசிவுக்கு வண்டியை நிறுத்தியவன் நான்.

அதன் பிறகுதான் படித்தேன். வால்வு கசிந்து இதயம் பெரிதாகி, ஆனால் இன்னும் செயலிழக்காத நிலையில் உள்ள நாய்களுக்குப் பிமோபெண்டான் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்தால், இதயம் செயலிழப்பது சராசரியாக 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 360 நாய்களை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. அது வெளியானது 2016இல். ஜிம்மி இருமத் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பு. எல்லா நாய்க்கும் அது பொருந்தியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் குழாய் வைத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆகவே ஏழு வயது தாண்டிய நாய் வீட்டில் இருந்தால், இருமினாலும் இருமாவிட்டாலும், ஆண்டுக்கொரு முறையாவது இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு, செலவே இல்லை. நாய் நன்றாகத் தூங்கும்போது அதன் விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரத்தை வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் நல்லது. தூக்கத்திலும் 30ஐத் தாண்டுகிறது, மறுபடி எண்ணினாலும் தாண்டுகிறது என்றால் அன்றைக்கே மருத்துவர். கனவு கண்டு கால் உதைக்கும்போது எண்ணாதீர்கள், ஓடி வந்து இரைக்கும்போதும் எண்ணாதீர்கள். ஈறோ நாக்கோ நீலமாக, சாம்பலாக, வெளிறி இருந்தால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம், வண்டியைக் கூப்பிடுங்கள்.

தடுப்பது பற்றிச் சில வார்த்தை. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒரு முறை கூட்டு ஊசி. டிஸ்டெம்பர், அடினோ, பார்வோ, பாரா இன்ஃப்ளூயன்சா எல்லாம் அதற்குள் அடக்கம். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். போர்டடெல்லாவுக்கு எதிரானது வழக்கமான கூட்டு ஊசியில் இல்லை. அது தனி மருந்து, ஊசியாகவோ மூக்கில் விடும் சொட்டாகவோ வரும். செவலையின் அட்டையில் எல்லாம் இருந்தது, இது இல்லை. நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஊசி வகையென்றால் முதல் முறை இரண்டு தவணை தேவைப்படும். ஆகையால் விடுதியில் விடுவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். போட்டாலும் இருமலே வராது என்று உறுதியில்லை, வந்தால் லேசாக வரும்.

விடுதியைப் பார்க்கப் போகும்போது பெட்டியையும் பயணச்சீட்டையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு வாரம் முன்பே போங்கள். வாசலில் நின்று ஐந்து நிமிடம் காதைக் கொடுங்கள். ஒரு நாய் இருமினாலும் திரும்பி வந்துவிடுங்கள். கூண்டுகளுக்கிடையே காற்று ஓடுகிறதா, தண்ணீர்த் தட்டு ஒவ்வொன்றுக்கும் தனியா என்று பாருங்கள்.

கூடவே ரயிலில் அழைத்துப் போகலாமே என்பார்கள். முதல் வகுப்பு ஏ.சி.யில் கூப்பேயோ கேபினோ முழுவதும் நம் பெயரில் இருந்தால் உடன் வைத்துக்கொள்ளலாம். ஸ்லீப்பரிலும் மற்ற ஏ.சி. வகுப்புகளிலும் அனுமதி இல்லை. இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டு. இரண்டுக்கும் பார்சல் அலுவலகத்தில் பதிய வேண்டும், தடுப்பூசி அட்டையும் மருத்துவர் சான்றும் கையில் இருக்கட்டும். அந்தக் கூண்டின் தாழ்ப்பாளை எத்தனையோ முறை சோதித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருமுகிற நாயை அதில் ஏற்றாதீர்கள். இடம் குறுகல், வெக்கை, தூசி. 2003இல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்த பக் நாய்களுக்கு மூக்கே குறுகல், அவற்றையும் ஏற்றாதீர்கள்.

வீட்டிலும் நாம் செய்வது கொஞ்சம் உண்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள், போகிப் புகை இவையெல்லாம் நாயின் மூக்குக்கு மிகப் பக்கத்தில், தரையோடு நடக்கின்றன. சாம்பிராணியை விடச் சொல்ல என் வீட்டிலேயே எனக்குத் தைரியம் இல்லை. தூபம் போடும் அரை மணி நேரம் செவலை மொட்டை மாடியில் இருக்கிறது. கொசுவால் பரவும் இதயப் புழு என்று ஒன்று இருக்கிறது. பெண் புழு 30 சென்டிமீட்டர்வரை வளர்ந்து, நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் குடியிருக்கும். நாள்பட்ட இருமலுக்குக் காரணம் தெரியாவிட்டால் ரத்தப் பரிசோதனை கேட்கலாம். எடை கூடிய நாய்க்கு மேற்சொன்ன எல்லா இருமலும் இரட்டிப்பு. சப்பாத்தித் துண்டு போடும் தாத்தாக்கள் கவனிக்கவும்.

கீழ் வீட்டுக் குட்டிக்கு இருமல் வரவில்லை. மூன்றாவது தவணை ஊசி போட்ட அன்று ஓனர் அம்மா மாடிக்கு வந்து அட்டையைக் காட்டிவிட்டுப் போனார். போர்டடெல்லாவும் எழுதியிருந்தது.

செவலையின் நோட்டு இப்போது என் கையில் இல்லை. பேரன் எடுத்துக்கொண்டான். இருமல் பத்திக்குக் கோடு போட்டு அடித்துவிட்டு, மூச்சு என்று புதுப் பத்தி போட்டிருக்கிறான். ஞாயிறு இரவு தூங்கும்போது எண்ணுகிறான். இந்த வாரம் 18. மார்கழி முதல் வாரத்தில் ஊசிக்குத் தேதியும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறான்.